கெமராவுக்கு முன்னால் சமாதானம்

கொழும்பிலிருந்து நதா அக்கா ஆவணப்படம் எடுக்க வந்தார். அரசியலால் பிரிந்துபோன விளையாட்டு வீரர்களைத் தேடி நாடு முழுக்கச் சுற்றுகிறாராம். டிக்கோயாப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக் கரப்பந்து அணியில் பிரிவினைக்குப் பஞ்சமே இல்லை என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

பொய்யில்லை. தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள், அதனால் எல்லாமே இரண்டு. வலைக்கம்பங்களில் ஒன்றை ஒரு சங்கம் நட்டது, மற்றதை மறு சங்கம் நட்டது. யாருடைய கம்பம் உயரம் என்று போட்டி வந்து, எங்கள் வலை இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. வெட்டிக் குறைத்தால் சங்கத்தின் மானம் போய்விடுமே! நதா அக்கா அந்த வலையைப் பார்த்துக் கண்கலங்கினார். "இதுதான் இந்த நாடு," என்றார். அது வெறும் வலைதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அணியில் அவருக்குப் பிடித்துப்போனவர்கள் சுமனும் கிஷாந்தும். சம்பளப் போராட்டத்தின்போது சுமனின் சங்கம் வேலைநிறுத்தம் என்றது, கிஷாந்தின் சங்கம் வேலைக்குப் போ என்றது. கிஷாந்தின் அம்மா ராசம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போனார். வழியில் நின்ற கூட்டம் 'ஊ' போட்டது. "தொரைக்கு வால் புடிக்கிறவளே!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது. அன்றிலிருந்து ராசம்மா குழாயடிக்குக்கூட ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் போனார். சங்கத் தலைவர்கள் சீக்கிரமே ஒரே மேடையில் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். சுமனும் கிஷாந்தும் மட்டும் பேசவில்லை. தலைவர்கள் அளவுக்குப் பக்குவம் வரவில்லை, பாவம்.

ஆனால் மைதானத்தில் கிஷாந்த் தூக்கிக் கொடுக்கும் பந்து சுமனின் கைக்குத்தான் போகும். அணித்தலைவனான எனக்கு அது போதும். கந்தப்பளை அணியோடு இறுதிப்போட்டி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு திணைக்கள அணிக்கு ஆள் எடுப்பவர் வருவதாகச் செய்தி. எடுபட்டால் அரசாங்க வேலை. சுமன் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியேற அந்த ஒரு வாசல்தான் இருந்தது.

நதா அக்காவுக்கோ அணைப்பு வேண்டியிருந்தது. மூடுபனி வரும்வரை காத்திருந்து, தேயிலைக்கு நடுவே இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்தார். தேயிலைக்குள் யாரும் கரப்பந்து ஆடுவதில்லை என்றேன். "அன்டன் தம்பி, உங்களுக்கு சினிமா விளங்காது," என்றார்.

அதிசயம், அதன்பிறகு இருவரும் நிஜமாகவே பேசத் தொடங்கினார்கள். கிஷாந்த் சுமனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நதா அக்காவைப் பற்றி நானும் நல்லபடியாக நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

போட்டிக்கு முதல் நாள், ஒருவர் கெமராவிடம் தனியாகச் சொன்னதை அவர் மற்றவருக்குப் போட்டுக் காட்டினார். முகபாவம் வேண்டுமாம். மடிக்கணினியில் சுமன் அழுதுகொண்டிருந்தான். "அன்னைக்கு அவங்க அம்மாவ வால் புடிக்கிறவளேன்னு கத்துனது நான்தாங்க. அவனுக்குத் தெரியாது."

கெமரா கிஷாந்தின் முகத்துக்கு நேரே வந்தது. "இப்ப என்ன தோணுது, தம்பி?"

"எங்கம்மா நேத்துத்தான் இவனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச்சு," என்றான் கிஷாந்த்.

நதா அக்கா பூரித்துப்போனார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

படம் பனிக்குள் அணைப்போடு முடிகிறதாம். கொழும்பில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். இறுதிப்போட்டி அதில் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

கிஷாந்த் அன்று பிழையே விடவில்லை. அவன் தூக்கிய பந்துகள் மற்ற எல்லாருக்கும் வந்தன, அதிகமும் எனக்கு. "சுமனுக்கும் குடுடா," என்று கெஞ்சினேன்.

"ஜெயிக்கணுமா, வேணாமா?" என்றான்.

ஜெயித்தோம். சுமன் கடைசிவரை ஓடிவந்து ஓடிவந்து குதித்தான், வெறுங்கையோடு இறங்கினான்.

ஆள் எடுக்க வந்தவர் என்னிடம் வந்து கைகொடுத்தார். பிறகு சுமனைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்: "அந்தப் பையனுக்கு அடிக்கத் தெரியாதா? ஒருத்தரும் பந்தே கொடுக்கவில்லையே?"

சுமன் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கும் சிங்களம் தெரியும்.