ஒலி அட்டையை எழுப்பியது யார்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். இருபத்தாறு வயதான இந்தக் கணினியில் மாற்று இயங்குதளம் ஏறிவிட்டது, ஒலி மட்டும் வரவில்லை, நண்பகலுக்குள் நான் பதில் அனுப்பியாக வேண்டும்... பதில் என்றால் ஒரே சொல், இயங்குகிறது அல்லது இயங்கவில்லை. பழைய கணினிகளுக்கென இந்த இயங்குதளத்தைப் பராமரிக்கும் தன்னார்வக் குழு கேட்டது அவ்வளவுதான்: மின்சாரத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, எங்கள் வட்டிலிருந்து நேராகத் தொடங்கிப் பாருங்கள், ஒலி அட்டையை இயக்க நீங்கள் எழுதிய நிரல், அந்த டிரைவர், இயங்கினால் புதிய பதிப்பில் இருக்கும், இல்லையேல் நீக்கப்படும். எனக்கா சோதனை என்று நேற்று முகம் சுளித்தேன், பதினான்கு ஆண்டுகளாக இதே மேசையில் பிசகாமல் ஓடிய டிரைவர் அது... இன்று மூன்று முறை முயன்றும் மூச்சில்லை. கம்பி கழன்றிருக்குமோ, இல்லை, இருமுறை பார்த்தாயிற்று, அட்டையே செத்துவிட்டதோ, அப்படியானால் பழி என் மேல் இல்லை... இதில் எனக்கு ஏன் ஓர் ஆறுதல்? அந்த ஆசிரியருக்கு அது ஆறுதலாகுமா? பார்வையற்றவர், இதே வகைக் கணினி வைத்திருப்பவர், திரையிலுள்ளதை அது வாசித்துச் சொன்னால்தான் அவரால் பாடக் குறிப்பு எழுத முடியும். குரல் வரவில்லை என்று மனைவியைக் கொண்டு மூன்று கடிதம் எழுதுவித்தார், மூன்றுக்கும் 'கையேட்டை முழுமையாகப் படிக்கவும்' என்று பதில் போட்டேன். வாக்கியத்தில் பிழையில்லை, ஆனால் யாரைப் படிக்கச் சொன்னேன்...

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்து, என்னக்கா, அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் போகவுமில்லை.

"நீ எப்பவும் முதல்ல பழசை ஓட்டி, தேதி, மணியெல்லாம் சரி பண்ணிட்டுத்தானே இதுக்கு வருவே? இன்னைக்கு என்ன நேரா வந்துட்டே?"

உண்மை. உள்கடிகாரத்தின் பேட்டரி செத்த இந்தக் கணினி தப்பான தேதியோடு விழிப்பதை என்னால் சகிக்க முடியாது, ஆகவே நாள்தோறும் அதனுடன் வந்த பழைய இயங்குதளத்தைத் தொடங்கி, தேதியைத் திருத்தி, மின்சாரத்தை நிறுத்தாமலே இதற்குத் தாவுவேன்... இப்போதும் அப்படியே செய்து பார்த்தேன், ஒலி கணீரென்று வந்தது. ஆக, அட்டையை எழுப்பியது பழையது, ஏற்கெனவே விழித்திருந்ததை எழுப்பிவிட்டதாக என் டிரைவர் பதினான்கு ஆண்டுகள் பெயர் வாங்கியிருக்கிறது. ஆசிரியரிடமோ பழையது இல்லை, அதை அடியோடு அழித்துவிட்டு இதை நிறுவுங்கள் என்று கையேட்டில் எழுதியவள் நானேதான்.

"அதான் வருதுல்ல, வருதுன்னு அனுப்பிடேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் தங்கை.

அனுப்பலாம், பாதி உண்மைதான்... அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால், பழையது தொடங்கும்போது அட்டைக்கு என்னென்ன கட்டளை அனுப்புகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பிடித்து எழுதிக்கொண்டால், விடுபட்டது அகப்பட்டுவிடும், இரண்டு வாரம் போதும், இந்த வயதிலும் விரல்கள் துறுதுறுக்கின்றன, என்ன வெட்கக்கேடு...

பதினொன்று ஐம்பதுக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். குழுவுக்கு: இயங்கவில்லை, பிழை என்னுடையது, இந்தப் பதிப்பிலிருந்து நீக்குங்கள், திருத்தி அடுத்த பதிப்புக்குத் தருகிறேன். ஆசிரியருக்கு: நீங்கள் சொன்னதே சரி, திருத்தியதை முதலில் உங்கள் கணினியில்தான் சோதிக்க வேண்டும், உதவுவீர்களா? 'கையேட்டைப் படிக்கவும்' என்ற என் பதிலைப் படித்துவிட்டு மறுபடி எழுதாமலே போனவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் தெரியவில்லை.