டீசல் போன இடம்

கோட்டூர்புரத்தில் துணிக்கடை சண்முகவேலின் மாடி வீடு ஒன்றரை வருடத்தில் பதினோரு அடி அடையாற்றுப் பக்கமாக நகர்ந்துபோனது. சுவரில் விரிசல் இல்லை, தண்ணீர்க் குழாய் அறுந்துபோகவில்லை, மின்கம்பி மட்டும் கொஞ்சம் விறைப்பாக நின்றது. வாசல் பக்கம் இடம் கூடியதில் முதலில் அவருக்குச் சந்தோஷம்தான். கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்த அன்றுதான் கரைக்கு ஆறடியே மிச்சம் என்று தெரிந்தது. மழை பெய்தால் ஆறு எப்படி வரும் என்பதை அந்தத் தெருக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சண்முகவேல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தி.நகரில் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். உழைப்பாளி, ஆனால் தன் நிழலையே நம்பாதவர். வீடு தானாக நகராது, எவனோ நகர்த்துகிறான் என்பதில் அவருக்கு இரண்டாம் கருத்தே இல்லை. முதலில் பக்கத்து வீட்டு சுப்பராமனிடம் போனார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். "எங்காத்துல பீரோவை நகர்த்தவே ரெண்டு ஆள் வேண்டியிருக்கு சார், உங்க வீட்டை நான் எங்கேர்ந்து நகர்த்தறது?" என்றார். பதிலைக் கையிலேயே வைத்திருந்தாரே என்று அதுவும் சண்முகவேலுக்கு உறுத்தியது.

அதே ஒன்றரை வருடத்தில்தான் அவருடைய பழைய டீசல் காரும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கியர் தானாக விழுகிற வண்டி. பதினாலு வருடமாக அதை ஓட்டியவர் ஜவஹர். நந்தனம் சிக்னல் தாண்டி வேகமெடுக்கும்போது எஞ்சின் கத்தும், வண்டி மட்டும் அசைந்து கொடுக்காது. "மொதலாளி, மூணாவது கியர் ஸ்லிப் ஆவுது. கியர்பாக்ஸ்ல எண்ணெய் கம்மியா கீது, பாக்கணும்" என்று ஜவஹர் நாலு முறை சொன்னார். சண்முகவேல் அதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டிருப்பார். தினமும் குளித்து, திருநீறு பூசி, ஜவஹர் வருவதற்குள் தானே பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறிக் கிடக்கையிலேயே கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக்கம்பியை உருவிப் பார்ப்பார். டிரைவர் வந்த பிறகு பார்த்தால் அவன் ஏதாவது செய்துவைப்பான் என்று பயம். கம்பி தினமும் நிறைவாகவே காட்டியது. "ஃபுல்லா இருக்குலா, எண்ணெய் எண்ணெய்னு எதுக்குச் சொல்லுதே?" என்று வாயை அடைத்துவிடுவார்.

டீசல்தான் அவரை முழுதாகக் கெடுத்தது. எட்டு நாள் வந்த டேங்க் ஐந்து நாளில் காலியானது. போன தூரம் அதேதான். மூடிக்குப் பூட்டுப் போட்டார், பங்க்கில் தானே இறங்கி நின்று மீட்டரைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை கடையில் சூடம் காட்டும் நேரம், பன்னிரண்டு வேலையாட்களும் கைகூப்பி நிற்க, "டீசலை உறிஞ்சி விக்குத பயலுக்கு இங்க சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஜவஹர் முன்னால் வந்தார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு சண்முகவேலே வண்டி ஓட்டினார். ஸ்லிப் கூடியது, டீசல் இன்னும் வேகமாகக் காணாமல் போனது. பழிபோட டிரைவர் இல்லாததால் பங்க்கை மாற்றினார். வீட்டு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும்: ஜவஹர் ஓட்டிய பதினைந்து மாதத்தில் இரண்டே அடி நகர்ந்த வீடு, முதலாளி ஓட்டிய மூன்று மாதத்தில் ஒன்பது அடி நகர்ந்தது.

கடைசியில் கார் கோபாலபுரத்தில் அப்துல் சமத்தின் ஷெட்டுக்குப் போனது. சமத் எடுத்ததும் அளவுக்கம்பியைத் தொடவில்லை. வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை தள்ளி, அப்புறம்தான் கம்பியை உருவினார். நுனி காய்ந்து கிடந்தது. கருகிய வாடை வந்தது. "இன்னா அண்ணாச்சி, எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் பாத்தா நெறயத்தான் காட்டும். ஓடும்போதுதான் பாக்கணும். அடியில சொட்டிச் சொட்டியே போயிருக்குது. உங்க டிரைவர் சொல்லலியா?" என்றார். சண்முகவேல் மேலே தகரக் கூரையைப் பார்த்தார்.

எவ்வளவு ஸ்லிப் என்று பார்க்க சமத் பிரேக்கை அழுத்திப் பிடித்து, முன் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது, வண்டி நின்ற இடத்தில் நின்றது. அந்த நிமிஷமே சண்முகவேலின் மனைவி புஷ்பத்திடமிருந்து போன் வந்தது. "ஏங்க, வீடு இப்ப ஒரு விரக்கடை போச்சு. பால் தளும்பிட்டு." சமத் தலையைச் சொறிந்துவிட்டு ரிவர்ஸில் போட்டு மிதித்தார். "இப்ப திரும்பி வந்திருச்சுங்க. ஆனா அலமாரிப் பாத்திரம் பூரா கீழ விழுந்துட்டு" என்றாள். கார் போகாத தூரத்தையெல்லாம் வீடு போய்க்கொண்டிருந்தது என்பதும், டீசல் போன இடம் அதுதான் என்பதும் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

"இப்ப எண்ணெய் ஊத்துனா ஸ்லிப் நின்னுடும், வீடும் அங்கியே நின்னுடும்" என்றார் சமத். "மொதல்ல ரிவர்ஸ்லயே மெதுவா இழுத்துரணும். என் கால் முரட்டுக் கால் அண்ணாச்சி. ஜவஹர் கால் வேணும்."

சண்முகவேலுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இவர்கள் இரண்டு பேரும் கூட்டோ என்றும் ஒரு பக்கம் தோன்றியது. மழை வருகிறது என்ற பயத்தில்தான் ஜவஹரைத் தேடிப் போனார். ஜவஹர் அப்போது வாடகை டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். "திருடன்னு பன்னெண்டு பேர் முன்னாடி சொன்னீங்க. இல்லன்றதையும் அவுங்க முன்னாடியே சொல்லணும்" என்றார். முதலில் வீடு வரட்டும் என்றார் முதலாளி. "அந்த வூட்டுக்குள்ள புஷ்பம் அக்கா கீறாங்க, அதுக்கோசரம் வரேன்" என்று ஜவஹர் வந்தார். நாலு நாள், காலையில் இரண்டு மணி நேரம், காரை வீட்டு வாசலில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து ரிவர்ஸில் பூப்போல மிதித்தார். வீட்டில் ஒரு டம்ளர் விழவில்லை. புஷ்பம் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி வந்ததும் ஜவஹர் எஞ்சினை அணைத்தார். "மீதி ஒரு அடி, கடையில சொன்னதுக்கு அப்பறம்."

இரண்டு வாரம் சண்முகவேல் இழுத்தடித்தார். ஒரு அடிதானே என்றார், பிறகு சொல்லலாம் என்றார். இடையில் எங்கே போவதற்கும், நாலு நாள் ரிவர்ஸில் எரிந்து தேய்ந்த அதே வண்டியையே எடுத்தார். போனபோது வீடு நகர்ந்த விரக்கடைகளை வந்ததும் வாசலில் தானே ரிவர்ஸில் மிதித்துச் சரிக்கட்டினார்; அந்த ஒரு அடி அப்படியே நின்றது, பாத்திரம்தான் விழுந்தது. புஷ்பம் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். வெறும் தட்டை எதிரில் வைத்து, பரிமாறாமல் நகர்ந்துகொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சூடம் அணைந்ததும் அவர் வேலையாட்கள் பக்கம் திரும்பினார். கதவோரம் ஜவஹர் நின்றிருந்தார். "ஜவஹர் டீசல் எடுக்கல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜவஹர் மட்டும் தலையாட்டினார்.

அன்றைக்கே வாசலில் ஜவஹர் வண்டியை ரிவர்ஸில் போட்டு மிதித்தார். எஞ்சின் கத்தியது. காரும் நகரவில்லை, வீடும் நகரவில்லை. போனில் சமத் காரணம் சொன்னார்: பாதி பிடித்துப் பாதி விட்டால்தான் அது ஸ்லிப், இப்போது கியர்பாக்ஸுக்குள் பிடித்து இழுக்கிற பிளேட்டு தேய்ந்து சுத்தமாக விட்டுவிட்டது, இனி இழுக்க ஒன்றுமில்லை. சண்முகவேல் ஜவஹரின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். வேண்டுமென்றே செய்தாயா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜவஹரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதற்காகவே காத்திருந்தார். சண்முகவேல் கார்க் கதவைத் திறந்துவிட்டார். "எறங்கு ஜவஹரு, புஷ்பம் காபி போட்டிருக்கா" என்றார்.

ஜவஹர் பழையபடி வேலைக்கு வரவில்லை, காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார். வீடு இன்றும் ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறது. மின்வாரியத்து ஆள் வந்து கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிட்டுப் போனார்.