சேர்த்துக் கட்டிய கூடாரங்கள்

மேம்பாலத்துக்கு அடியில் இருந்த கூடாரங்களை எல்லாம் எடுத்துவிட்டு எல்லாருக்கும் தங்க இடம் தரப்போவதாக மாநகராட்சி சொன்னபோது, தையலக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாக்கியத்திலேயே அந்தப் பாலில் உப்பை அள்ளிப் போட்டார்கள். பெண்களுக்கு ஒரு விடுதியாம், ஆண்களுக்கு ஊரின் மறுகோடியில் இன்னொன்றாம்.

அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போய்விட்டது. அவர் கேட்பது தண்ணீரா, முதுகு அரிப்பா, இல்லை சும்மா கோபமா என்று கண்டுபிடிக்க இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. அந்த ஆளைப் பெண்கள் விடுதிக்கு அனுப்பிவிட்டு அவரை யார் பார்ப்பது? அங்கே ஆட்கள் இருப்பார்கள், கவனித்துக்கொள்வார்கள் என்று மாநகராட்சியிலிருந்து வந்த அதிகாரியம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கெட்டவர் இல்லை. ஆனால் நல்லவர்கள் பிரித்தாலும் பிரிவு பிரிவுதானே. அக்கா மசியவில்லை.

காலையில் பேருந்துகள் வந்து நின்றன. முதலில் பெண்கள் ஏற வேண்டும் என்று ஒலிபெருக்கி கத்தியது. எல்லாரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்களே தவிர ஒருவரும் ஏறவில்லை. அக்காவும் கணவரைத் தாங்கி வந்து பாலத்தின் தூணோரம் உட்கார வைத்திருந்தாள். அக்காவின் கூடாரத்தை முதலில் எடுத்தால் மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்று யாரோ அதிகாரியம்மாவின் காதில் ஓதியிருக்க வேண்டும். ஒரு பணியாள் வந்து அந்தக் கூடாரத்தின் கயிற்றை அறுத்தான்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டார்கள். சிமெண்டுத் தரையில் முளை அடிக்க முடியுமா? அதனால் பாலத்தடியில் ஒவ்வொரு கூடாரத்தின் கயிறும் பக்கத்துக் கூடாரத்தின் கம்பத்தில்தான் கட்டியிருக்கும். முகம் கொடுத்துப் பேசாத சண்டைக்காரர்கள்கூட அந்தக் கயிற்றில் கை வைக்க மாட்டார்கள். அக்காவின் கூடாரம் சாய்ந்து, பக்கத்தில் இருந்த குழாய் ரிப்பேர் பார்க்கும் குழாய்க்காரருடையதை இழுத்தது, அது அடுத்ததை இழுத்தது, வரிசை முழுக்கப் படுத்துவிட்டது. நடுவில் நின்றிருந்த அதிகாரியம்மா தார்ப்பாய்க்குள் காணாமல் போனார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்காதான் ஓடிப்போய் தார்ப்பாயைத் தூக்கி அவரை வெளியே இழுத்தாள்.

"எதுக்கு இப்படி ஒண்ணோட ஒண்ணு கட்டி வெச்சிருக்கீங்க?" தலையெல்லாம் தூசியோடு அவர் கேட்டார்.

"தனியா நிக்காது மேடம். நாங்களும் அப்படித்தான். அவரையும் என்னையும் பிரிச்சுத்தான் இடம் தருவீங்கன்னா எனக்கு அந்த இடமே வேணாம்."

குழாய்க்காரர் வந்து, விழுந்து கிடந்த தார்ப்பாய்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்காவோடு தண்ணீர்க் குடத்துக்காக மல்லுக்கு நின்ற பூக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்தார்கள். அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அதிகாரியம்மா போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் நெடுநேரம் வாதாடினார். "அப்போ நீங்களே வந்து ஏத்துங்க சார்" என்று அவர் சொன்னது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. பழைய தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறதாம், குடும்பத்துக்கு ஒரு அறையாம். மாடிக்குத் தண்ணீர் ஏறாததால் பூட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

"தண்ணி என் பொறுப்பு" என்றார் குழாய்க்காரர், எழுந்திருக்கும்போதே.

பேருந்துகள் நிரம்பின. கணவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் குழாய் இருமி இருமித் தண்ணீரைக் கக்கியபோது மாடி முழுக்க ஆரவாரம்.

மறுநாள் முகத்தில் வெயில் அடித்து அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். ஐயோ, யார் காவல் இருந்தது? பாலத்தடியில் ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருப்பார். இருவரும் ஒன்றாகக் கண்ணை மூடியதே கிடையாது. கதவைப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. பக்கத்தில் அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டாள்.