மறைப்புப் பொத்தான்

எங்கள் இயக்குநரின் குரலை ஒருமுறை கேட்டவர் மறுமுறை கேட்கமாட்டார். நான் அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எல்லை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அரசு வானொலியின் நிகழ்ச்சிகளை ஒரு செயற்கைக்கோள் வானொலி நிறுவனம் பக்கத்து நாட்டில் ஒலிபரப்பியது. அங்கே கேட்பவர்கள் பெரும்பாலும் நம் மொழி பேசும் லாரி ஓட்டுநர்கள். ஆனால் பாட்டுகளுக்கு உள்நாட்டு உரிமை மட்டும்தான். அதனால் இங்கே பாட்டு ஓடும்போதெல்லாம் செயற்கைக்கோளுக்குப் போகும் பாதையில் வேறு எதையாவது போடவேண்டும். அதற்கு இயக்குநர் தன் சொற்பொழிவையே பதிவு செய்து கொடுத்தார். 'எல்லைகளைக் கடந்து இதயங்களை இணைக்கும் குரல்' என்று ஆரம்பித்து நாலரை நிமிடம் போகும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

என் வேலை மறைப்புப் பொத்தானை அமுக்குவது. இசை தொடங்கினால் என் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும். அமுக்கினால் பாட்டுக்குப் பதில் சொற்பொழிவு போகும். காதால் கேட்டபடிதான் செய்யவேண்டும் என்பது விதி. நான் இரண்டாம் வாரமே ஒலிபெருக்கியை மூடிவிட்டேன். அந்த உளறலை எவன் கேட்பான்? விளக்கைப் பார்த்தே வேலையை முடிப்பதில் எனக்குப் பெருமைகூட.

வெள்ளிக்கிழமை மாலைப் பாட்டு நிகழ்ச்சியை நடத்துபவரை நிலையத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வெறும் பேச்சாகப் பேசவே மாட்டார். இரண்டு வார்த்தை சொன்னதும் பாட்டின் முன்னிசையை அடியில் மெல்ல ஏற்றி, மீதியை அதன் மேல் பேசுவார். அவருடைய தம்பி அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறான். அம்மாவோடு சண்டை போட்டு, தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு போய் ஒன்பது வருடம். லாரியில் நம் வானொலியை மட்டும் அணைக்கமாட்டான் என்று இன்னொரு ஓட்டுநர் சொல்லியிருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்ததும், அக்கா வாரா வாரம் வானொலியிலேயே தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி வந்தாரா அக்கா?" என்று சனிக்கிழமைதோறும் கேட்பேன்.

"வரலைப்பா."

"பெத்த தாய் கிடக்குறப்ப வராதவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்பேன். நாலு வாரம் வாய் கூசாமல் இப்படித் திட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை அந்தச் செயற்கைக்கோள் நிறுவனத்து அதிகாரி, நேயர் கருத்துக் கணிப்போடு வந்தார். இயக்குநர் அறையில் அக்காவும் நானும் இருந்தோம். தொண்ணூறு சதவீதம் பேருக்கு இயக்குநரின் குரல் அடையாளம் தெரிகிறதாம். வெறும் வாயை மெல்கிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "பாத்தீங்களாய்யா!" என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார். ஓட்டுநர்கள் அவருக்கு எல்லைச்சாமி என்று பெயர் வைத்திருப்பதை அதிகாரி நாசூக்காக விட்டுவிட்டார். அதை, அவர் போட்டுக் காட்டிய நேயர் பேட்டிப் பதிவில் ஒரு ஓட்டுநரே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஒரு அக்கா 'தம்பி, அம்மா'ன்னு ஆரம்பிப்பாங்க. உடனே எல்லைச்சாமி குறுக்க வந்துடுவாரு. நாலு வாரமா இதே கதை. அந்த அம்மாவுக்கு என்னங்க ஆச்சு? நாங்க டீ குடிக்கிற இடத்துலயெல்லாம் இதே பேச்சுதான்."

இயக்குநர் சிரித்தார். "பாருங்க, அவனும் என்னைத்தான் சொல்றான்."

அக்கா என்னைப் பார்த்தார். பாட்டை மறைப்பது அவருக்குத் தெரியும். தன் பேச்சு போய்ச் சேர்ந்த பிறகே மறைப்பதாக நம்பியிருந்தார்.

"நாலு வாரமும் நீதானா அமுக்குனே?"

"ஆமாக்கா. சத்தத்தை மூடி வெச்சிருந்தேன். முன்னிசைக்கே விளக்கு எரிஞ்சுடும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. இயக்குநர் பக்கம் திரும்பி, "சார், இப்பவே ஒரு நிமிஷம் பேசிக்கிறேன்" என்றார்.

"வானொலி என்ன உங்க வீட்டு ஃபோனா? வெள்ளிக்கிழமை உங்க நேரத்துல பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு, கருத்துக் கணிப்பில் தன்னைப் பற்றிய பக்கத்தை இன்னொரு பிரதி எடுக்கச் சொன்னார் அந்தப் பிரகிருதி. அந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா இருபது வருடத்தில் முதல் தடவையாக முன்னிசை இல்லாமல் பேசினார். விளக்கு எரியவில்லை.

"தம்பி, அம்மா புதன்கிழமை போயிட்டாங்க. கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டாங்க. இனிமே அவசரம் இல்லை. மெதுவா ஓட்டிக்கிட்டு வா."

பிறகு பாட்டு தொடங்கியது. விளக்கு எரிந்தது. அமுக்கினேன். 'எல்லைகளைக் கடந்து' என்று ஆரம்பித்தார் எல்லைச்சாமி. அந்த ஆளை வெறுக்க எனக்கு இனி யோக்கியதை இல்லை. இருந்தாலும் வெறுத்தேன். நாலரை நிமிடமும் சத்தத்தைக் குறைக்காமல் கேட்டேன்.