முன்சக்கரத்துச் செங்கல்

சனிக்கிழமை காலை ஷெட்டுக்குள் நான்கு பேர் இருந்தார்கள். மச்சான், கழற்றிப் போட்டிருந்த பழைய டயரின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்குக் கவிழ்த்துவைத்த பெயின்ட் டப்பா. எழுத்தரின் மனைவி வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், கதவைத் திறந்துவைத்து ஒரு காலை வெளியே ஊன்றியிருந்தாள். எழுத்தர் வாசலோரம் முக்காலியில், மடியில் குறிப்பேட்டோடு.

அவர் நீதிமன்ற நகல் பிரிவில் வேலை செய்பவர். சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. ஆனால் அந்த வண்டிக்கு என்றைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் ஊற்றினோம் என்று கேட்டால், தேதியோடு சொல்லிவிடுவார்.

சிவப்பு வண்டி. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, நீண்ட மூக்கு. மாமனார் அதில் பந்தயம் ஓட்டி இரண்டு கோப்பை வாங்கியிருந்தார். அவர் போனபிறகு வண்டி அவர் பிள்ளைகளான மச்சானுக்கும் மனைவிக்கும் பொதுவாயிற்று. ஸ்டியரிங்கின் தோல் அவர் கைபட்டு இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தது. மனைவி ஓட்ட உட்கார்ந்தால் அவள் கைகளும் சொல்லிவைத்தாற்போல் அங்கேயே போய் அமரும்.

“தண்ணித்தொட்டி மேட்டுல ரெண்டு தடவை கொதிச்சாச்சு, மாப்ள,” என்றார் மச்சான். “இன்னொரு தடவை கொதிச்சா எஞ்சின் ஹெட்டு வளைஞ்சிரும்னு மெக்கானிக்கே சொல்றாரு. நாளைக்கு வாங்குற ஆள் வர்றான். எஞ்சினை மட்டும் கழட்டி எடுத்துக்கிறானாம்.”

“மத்த உடம்பை என்ன பண்றது?” என்று கேட்டாள் மனைவி.

“உன் வீட்டுக்காரர் உள்ள உக்காந்து லெட்டர் எழுதட்டும். காத்தோட்டமா இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. கை ஸ்டியரிங்கை விட்டு எழவுமில்லை.

“நான் பாக்காத இடமில்ல,” என்றார் மெக்கானிக். “வாட்டர் பம்பு மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, ரேடியேட்டர் மூடி மாத்தியாச்சு. இனிமே மாத்தணும்னா என்னைத்தான் மாத்தணும்.”

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு அஞ்சலட்டையை எடுத்தார். ரேடியேட்டரின் பக்கவாட்டில், அதைக் கட்டிக் கொடுத்த கடையின் முகவரியோடு ஒரு பித்தளைத் தகடு உண்டு. மூன்று வாரத்துக்கு முன் அந்த முகவரிக்கு அவர் வண்டியின் நோய் முழுவதையும் எழுதிப் போட்டிருந்தார். ஆறு பக்கம்.

“கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினதே ரெண்டு பக்கம்தான்,” என்றாள் மனைவி.

“உனக்கு அப்ப சூடு ஏறல,” என்று சொல்லிவிட்டு, எழுத்தர் அட்டையைப் படித்தார்.

‘ஐயா, வணக்கம். அந்த ரேடியேட்டரைக் கட்டியவர் என் அப்பா. இப்போது கடை மகளான என் கையில். ஆறு பக்கமும் படித்தேன். நான்காம் பக்கத்தில், தண்ணீர் ஊற்றும்போது வண்டி உருளாமலிருக்க முன்சக்கரத்துக்கு முன்னால் செங்கல் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சமதரையில் செங்கல் எதற்கு? வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்தா நிற்கிறது? இன்னொன்று, ஹீட்டர் போட்டால் சூடான காற்று வருகிறதா? இரண்டையும் பார்த்து எழுதுங்கள்.’

நான்கு பேரும் செங்கல்லைப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்தது.

மெக்கானிக் மெதுவாக எழுந்தார். “ஹீட்டர் வேலை செய்யுதாக்கா?”

“இந்த ஷெட்டுக்கு வந்ததுலேர்ந்து ஜில்லுனுதான் வருது. பழசாச்சுன்னு விட்டுட்டோம்.”

மெக்கானிக் நெற்றியில் அறைந்துகொண்டார். “காத்து எப்பவும் மேட்டுக்குத்தான் போகும். இங்க மூக்கு கீழ, பின்பக்கம் மேல. ஊத்துற தண்ணி முன்னாடி நிக்குது, காத்து எஞ்சினோட பின்பக்கம் போய்ச் சம்மணம் போட்டு உக்காந்துக்குது. அது உக்காந்த இடத்துல தண்ணி ஓடாது. ஹீட்டருக்கும் போகாது. பம்பு மாத்தினப்பவும் இங்கயே வச்சுத்தான் ஊத்தினேன். என் புத்தியைச் சொல்லணும்.”

“அப்பா எப்பவும் தெருவுல, மேட்டைப் பாத்துத்தான் நிறுத்துவாரு,” என்றார் மச்சான். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். “இந்த ஷெட்டைக் கட்டினது யாரு?”

“நான்தான்,” என்றார் எழுத்தர். வீட்டுக்குப் பின்புறச் சரிவில், இரண்டு மாதம் லீவு நாளெல்லாம் நின்று அவர் கட்டிய ஷெட். குனிந்து குறிப்பேட்டின் ஓரத்தைத் திருகினார். வரப்போகும் பேச்சு எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

“வெளித்தண்ணி படக் கூடாதுன்னு கட்டினீங்க, உள்தண்ணியும் போகல,” என்ற மச்சானின் குரலில் முள் இல்லை. “சரி. இன்னிக்கே தண்ணித்தொட்டி மேடு ஏறுவோம். சூடு காட்டுற முள்ளு நடுவுல நின்னா நாளைக்கு வர்றவனை வரவேண்டாம்னு சொல்லிடறேன். தாண்டிப் போச்சுன்னா ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது.”

“சரிண்ணா,” என்றாள் தங்கை.

வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து மேட்டைப் பார்த்து நிறுத்தினார்கள். போதாதென்று மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கி வைத்து இன்னும் ஒரு முழம் தூக்கி, தாங்கு கொடுத்தார். எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து மூடியைத் திறந்தார். ஹீட்டரை முழுசாகத் திருப்பிவைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்டைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் ஊற்றினார். ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு பெரிய ஏப்பம். அதன் பின்னால் குமிழி மேல் குமிழி.

எழுத்தர் அளவுச் சாடியோடு நின்றார். நிறைந்துவிட்டது என்று அவர்கள் நம்பியிருந்த வண்டி மேற்கொண்டு ஒன்றேமுக்கால் லிட்டர் குடித்தது.

“என்னங்க,” என்று உள்ளிருந்து கூப்பிட்டாள் மனைவி. “கால்ல சூடா காத்து அடிக்குது.”

அவர் தலையை உள்ளே நீட்டினார். வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. தூசி என்றாள். அவரும் தூசிதான் என்று ஒப்புக்கொண்டார்.

மெக்கானிக் மூடியை இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கினார். பின்னிருக்கையில் மச்சான் முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்து மடிந்து உட்கார்ந்தார். எழுத்தருக்கு முன்னிருக்கை, முள்ளைப் பார்ப்பது அவர் வேலை. முதல் வளைவில் முள் நடுவுக்கு வந்தது. இரண்டாம் வளைவில் நடுவைத் தாண்டி ஒரு நூல் ஏறியது. எழுத்தர் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார்.

“பொறுங்க, தெர்மோஸ்டாட் திறந்து தண்ணி ஓடட்டும்,” என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முள் தயங்கியது. பிறகு, வந்த வழியே மெல்லத் திரும்பி நடுவில் வந்து நின்றது. இரண்டு தடவையும் கொதித்த மூன்றாம் வளைவிலும் அது அசையவில்லை. தொட்டியடியில் நிறுத்தியபோதும் அங்கேயே நின்றது.

மச்சான் ஒவ்வொரு மூட்டாகப் பிரித்து வெளியே வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் பானெட்டில் புறங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“இறக்கத்துல நான் ஓட்டவா, பாப்பா?”

“எஞ்சினை வித்துடலாம்னு சொன்னது நீதானே. சீட்ல நான் உக்காந்துக்கறேன்,” என்றாள். சொல்லிக்கொண்டே சாவியை அவர் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுத்தர் மேசையில் தாளை விரித்தார். பள்ளியில் படித்த முறைப்படி வலது மேல்மூலையில் தேதி, இடப்பக்கம் பெறுநர். இந்தத் தடவை ஒரே பக்கம்.

‘அம்மா, உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை: ஆம், பள்ளத்தைப் பார்த்துத்தான் நின்றது. இல்லை, சூடான காற்று வரவில்லை, இன்று வந்தது. முள் நடுவில் நிற்கிறது. வண்டி எங்களோடேயே இருக்கும். இனி அதை ஷெட்டுக்குள் பின்புறமாகவே விடுவோம். செங்கல் பின்சக்கரத்துக்கு மாறிவிட்டது. நான் எழுதியதில் பாதி தேவையற்றது என்று எனக்குத் தெரியும். முகமறியாத ஒருவனின் ஆறு பக்கத்தையும் வரி விடாமல் படித்தீர்கள். அந்த நன்றியை எப்படி எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.’

மனைவி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுப் பேனாவை வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘உங்கள் அப்பா கட்டிய ரேடியேட்டர் இன்றும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.’

எழுத்தர் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் இட்டு, ஓரத்தில் பசை தடவிக் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தார். தபால்பெட்டி தெருமுனையில்தான், நடந்தால் நூறடி. இருவரும் வண்டியிலேயே போனார்கள், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு. அவர் கண்ணாடியை இறக்கி, எட்டி, கடிதத்தைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினார்.