இரவல் பெஞ்சு

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் அந்தப் பள்ளியில் பெஞ்சுகள் இருக்கும். முதல்நாள் மாலை பக்கத்துப் பள்ளியிலிருந்து நாற்பது பெஞ்சும் ஒரு நுண்ணோக்கியும் வண்டியில் வந்து இறங்கும். அதிகாரி தலை மறைந்ததும் திரும்பிப் போய்விடும். முப்பது வருஷத்துக்கு மேலான வழக்கம்.

தலைமையாசிரியை அங்கேயே படித்தவள். சின்ன வயதில் அவளுக்கு வருஷத்தின் பெரிய நாள் அதுதான். தரையில் மடங்கிக் கிடந்த கால்களைப் பிள்ளைகள் பெஞ்சிலிருந்து தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே பாடம் கேட்பார்கள். வார்னிஷ் வாசனை தூக்கும். நுண்ணோக்கியில் வெங்காயத் தோல். ஆளுக்குப் பத்து எண்ணும்வரைதான். கட்டம் கட்டமாக ஒரு செங்கல் சுவர் தெரிந்தது. மூச்சுவிட மறந்து நின்றாள். பின்னாலிருந்தவன் பிடித்துத் தள்ளினான்.

தள்ளியவன்தான் இன்று பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். ஆய்வுக்கு முதல்நாள் போனில் கூப்பிட்டார்.

"வண்டி ரெடி. அனுப்பட்டா?"

"வேண்டாம்டா."

அவள் பழைய கோப்புகளைப் புரட்டியிருந்தாள். நிதி கேட்ட எல்லா விண்ணப்பத்துக்கும் அரசின் பதில் ஒன்றே: 'ஆய்வறிக்கையின்படி தளவாடங்கள் போதுமானவை.'

"போன வருஷ அறிக்கையில உன் கையெழுத்து இருக்கே. பெஞ்சை எல்லாம் கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லப் போறியா?"

"உள்ளதைச் சொல்லப் போறேன்."

"வேலை போயிடும்டி."

"போனா உன் பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன் வேலை குடு."

"அதுக்கும் நிதி இல்ல."

காலையில் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட அம்மாள். தரையில் இருந்த பிள்ளைகளையும் கையிலிருந்த பழைய அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். தலைமையாசிரியை வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைச் சிறுமி முந்திக்கொண்டாள்.

"டீச்சர், இன்னிக்கு பெஞ்சு நாளாச்சே! பெஞ்சு எங்க?"

"பெஞ்சு நாளா?" என்றார் அதிகாரி.

"எல்லாம் இரவல், மேடம். வருஷத்துக்கு ஒருநாள் வரும். கையெழுத்து என்னோடது."

அதிகாரி பழைய அறிக்கையை மடித்து வைத்தார்.

"இதை எழுதினா விசாரணைக்கு உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. நிதி அப்புறம்தான்."

"எழுதுங்க மேடம்."

எழுத உட்கார இடம் தேடினார். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

சிறுமிக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. "அப்ப வெங்காயத் தோலு?"

தலைமையாசிரியை சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி. எதுவும் மறந்திருக்கவில்லை.

வழக்கம்போல் ஒருத்தி எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு, ரெண்டு..."

"எண்ண வேண்டாம்" என்றாள் தலைமையாசிரியை. "வேணுங்கிற மட்டும் பாருங்க."