பெலிண்டாவுக்காக ஒரு செபம்

இருபது வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கும் லூர்துராணி, எதிர் நாற்காலியில் உட்காரும் பெலிண்டாவை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. திருவானைக்காவலில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் பெலிண்டா சமூக அறிவியல் எடுத்தாள். உலக வரைபடத்தில் நாடுகளைத் தேடித் திணறுவாள். ஆனால் யார் வீட்டில் என்ன சண்டை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். "பட்டுப்புடவை கட்டின பூஜ்யம்" என்று லூர்துராணி ஒருநாள் சொல்ல, ஆசிரியர் அறையே சிரித்தது.

அரையாண்டுக் கேள்வித்தாள் தேர்வுக்கு முன்பே வெளியானபோது, "லூர்து மிஸ்தான் டியூஷன் பிள்ளைங்களுக்குக் கொடுத்திருப்பாங்க" என்று தாளாளரிடம் போய்ச் சொன்னவள் பெலிண்டா. மூன்று வாரம் லூர்துராணி வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தாள். தாள் கசிந்தது அச்சகத்தில் என்று தெரிந்ததும் தாளாளர் வருத்தம் தெரிவித்தார். பெலிண்டாவோ சிலுவை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். இவளுக்கெல்லாம் சிலுவை ஒரு கேடு என்று லூர்துராணி நினைத்தாள்.

தவக்காலத்தில் எடமலைப்பட்டி புதூர் கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பாதிரியாரிடம் இதைச் சொன்னாள்.

"அவங்களுக்காக தினமும் செபம் பண்ணுங்க" என்றார் ஃபாதர்.

பண்ணினாள். 'இயேசுவே, பெலிண்டாவுக்குக் கொஞ்சம் மூளையைக் கொடும். மனசாட்சியும் கொடும்.' இரண்டு வாரம் கழித்துப் பெருமையாக ஃபாதரிடம் ஒப்பித்தாள். அவர் சிரித்துவிட்டார்.

"இது செபமா டீச்சர்? திட்டுறதை ஆண்டவர்கிட்ட கொடுத்தனுப்புறீங்க. உங்களுக்குன்னா எதைக் கேட்பீங்களோ அந்த மாதிரி கேளுங்க."

அதற்குப் பெலிண்டாவுக்கு என்ன தேவை என்று தெரிய வேண்டுமே. பன்னிரண்டு வருடம் எதிரே உட்கார்ந்தும் லூர்துராணிக்கு அது தெரியவில்லை. அருவருப்போடுதான் கவனிக்க ஆரம்பித்தாள். மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நாட்களில் பெலிண்டா மதியம் சாப்பிடுவதில்லை. மவுஸைப் பிடிக்கும்போது கை நடுங்கியது. 'அந்தப் பயத்தை எடுத்துப்போடும்' என்று லூர்துராணி மறுநாள் காலை பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாள். பிறகு தினமும் அதையே வேண்டினாள்.

மாதிரித் தேர்வு முடிந்தது. கம்ப்யூட்டர் அறையில் இளம் டீச்சர் ஷெர்லின் எல்லார் முன்னாலும் சலித்துக்கொண்டாள். "நாலாவது தடவையா சொல்லித்தரேன் மிஸ். பட்டுப்புடவை கட்டின பூஜ்யம்னு லூர்து மிஸ் சும்மாவா சொன்னாங்க?"

சிரிப்பு எழுந்தது. பெலிண்டா தலையைக் குனிந்துகொண்டாள். லூர்துராணிக்கு இனித்திருக்க வேண்டும், முகம்தான் எரிந்தது.

"நான் சொன்னதுதான் ஷெர்லின். சொன்னது தப்பு. நீ போ, நான் பார்த்துக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெலிண்டா மதிப்பெண் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எதுக்கு மிஸ்? மார்க்கை மாத்திப் போட்டு என்னை மாட்டிவிடவா?"

இந்த ஜென்மத்துக்காகவா முழங்கால் போட்டோம் என்று லூர்துராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போயிருப்பாள். ஆனால் தாளைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்குவது கண்ணில் பட்டது. தினமும் காலையில் ஆண்டவரிடம் சொல்லிச் சொல்லி அந்த நடுக்கம் அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"நீங்க படிங்க, நான் அடிக்கறேன். ஒவ்வொண்ணா சரிபாருங்க."

எழுபத்தெட்டுப் பிள்ளைகள். பெலிண்டா இரண்டு இடத்தில் தப்பாகப் படித்துவிட்டுப் பழியை லூர்துராணி மேல் போட்டாள். முடிந்ததும் நன்றி சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திருந்தாத பிறவி என்று காவேரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் லூர்துராணி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அப்புறம், அடுத்த செக்‌ஷனை அவள் கையாலேயே அடிக்க வைத்தால்தான் பயம் போகும் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் பெலிண்டாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

"இன்னிக்கு நீங்க அடிங்க. நான் படிக்கறேன். அறுபத்தி நாலு."

பெலிண்டா நாற்பத்தாறு என்று அடித்தாள்.

"தப்பு மிஸ்."

"தெரியுது, தெரியுது. அவசரப்படுத்தாதீங்க."

அவளே அழித்துத் திருத்தட்டும் என்று லூர்துராணி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.